மெல்லினம்

சொஹார் மருத்துவமனையில்
பழைய எக்ஸ்ரே அறைதான் எங்கள் ஆய்வு அறை.
ஒரு மேசை, ஒரு கணினி,
இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்.
பன்னிரண்டு வாரத்துக்குள் நின்றுபோனவை எல்லாம்
இங்கே வந்து சேர்கின்றன.

பெயரை நீக்குவது முதல் வேலை.
பிறகு குறியீடு:
தானாகப் போகட்டும் என்று காத்திருந்தவளுக்கு ஒன்று,
மாத்திரை வாங்கியவளுக்கு இரண்டு,
தியேட்டருக்குப் போனவளுக்கு மூன்று.
தெரியாவிட்டால் தொண்ணூற்றொன்பது.

மூன்றாம் மாதத்தில் ஏதோ புலப்படத் தொடங்கியது.
நடந்து வரும் தூரத்தில் வீடுள்ளவர்கள் காத்திருக்கிறார்கள்.
வண்டி வெள்ளிக்கிழமை மட்டும் கிடைப்பவர்கள்,
லிவாவுக்கு அப்பாலிருந்து வருகிறவர்கள்,
மூன்றைத் தேர்கிறார்கள், ஒரே நாளில் முடியுமென்று.
காப்பீட்டு அட்டை காலாவதியானவர்கள்
இரண்டைத் தேர்கிறார்கள்.
தேர்கிறார்கள் என்று எழுதி அடித்தேன்.
திரும்ப எழுதினேன்.
பத்தியின் தலைப்பே அதுதான்.

ஆறாவது வாரம் போனில் கூப்பிட வேண்டும்.
கேள்விகள் பதினொன்று.
தமிழ் பேசுகிறவர்கள் பத்தொன்பது பேர், என் பங்கு.
ரத்தம் எத்தனை நாள்?
வலி, பத்துக்கு எத்தனை?
இதே சிகிச்சைக்கு மறுபடி ஒப்புக்கொள்வீர்களா?

எண் எழுபத்து மூன்று. உருக்காலைக் குடியிருப்பு.
பின்னால் வாஷிங் மெஷின் சுற்றுகிறது.
எட்டு நாள் காத்திருந்தவள்.
"அந்த எட்டு நாளும் அவருக்கு நைட் ஷிஃப்ட்டு.
சாப்பாடு கட்டிக் குடுத்தேன்.
துடிப்பு இல்லைன்னு ஸ்கேன்லயே சொல்லிட்டாங்க.
ஆனாலும் மாடிப்படி
மெதுவாத்தான் இறங்கினேன் மேடம்."

பதினொன்றில் எதற்கும் இது பதில் இல்லை.
குறிப்பு என்ற கட்டத்தில் அடித்தேன்.
ஐம்பது எழுத்தில் நின்றுவிட்டது,
மாடிப்படிக்கு முன்பே.

"ஊர்லேருந்து அத்தை கேட்டாங்க,
கலைச்சியா, கலைஞ்சுதான்னு."

ச், ஞ்.
ஏழாம் வகுப்பில் ஒப்பித்தது:
ஒன்று வல்லினம், மற்றது மெல்லினம்,
இரண்டும் ஓரினம்,
நடுநாக்கு நடு அண்ணத்தைத் தொடப் பிறப்பவை.
மூக்கு வழியே கொஞ்சம் காற்றை விட்டால்
அது தானாக நடந்தது.
அடைத்துவிட்டால்
அவள் செய்தது.

கோப்பில் எல்லோருக்கும் அபார்ஷன்தான்.
முன்னால் ஒட்டியிருக்கும் அடைமொழியை
வீட்டில் யாரும் படித்துச் சொல்வதில்லை.

"நீங்களா இருந்தா எதை எடுத்திருப்பீங்க?"
ஆலோசனை கூறலாகாது என்ற தாளில்
என் கையெழுத்து இருக்கிறது, மூன்று பிரதிகளில்.
வாஷிங் மெஷின் நின்றது.
"எனக்கு மூணு" என்றேன்.
"சலாலாவுல. அப்போ அங்க மழைக்காலம்.
ஆட்டோ மாதிரி எதுவும் கிடையாது,
கால் மணி நேரம் நனைஞ்சுக்கிட்டே
டாக்ஸிக்கு நின்னோம்."
அவள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா,
லைன் தெளிவாக இல்லை.
நான்காம் கேள்விக்குத் திரும்பினோம்.

டாக்டர் ரய்யா மாலையில் காஃவா பிளாஸ்க்கோடு வந்தாள்.
திரையில் தமிழைப் பார்த்துவிட்டு
இந்த இரண்டு சொல்லும் என்ன என்று கேட்டாள்.
மேகம் கலையும், முடி கலையும்,
கூட்டம் கலையும்,
இதுவும் கலையும் என்றேன்.
எறும்புப் புற்றைக் கலைப்பதற்குத்தான்
ஒரு ஆள் வேண்டும்.

"எங்களுக்கு அது விழும்" என்றாள்.
"பேரீச்சை விழுகிற மாதிரி.
மரத்தை யாரும் கேட்பதில்லை.
பெண்ணைக் கேட்பார்கள்."
பேரீச்சை ஒன்றை எனக்கு நீட்டினாள்,
கொட்டையை எங்கே போடுவதென்று தெரியாமல்
கையிலேயே வைத்திருந்தேன்.

அறிக்கை ஆங்கிலத்தில் போகும்.
குறிப்புக் கட்டத்தை மென்பொருள் எண்ணாது.
எழுபத்து மூன்றாம் வரிசையில்
முன்பு அடித்ததை எல்லாம் அழித்துவிட்டு
கலைஞ்சுது என்று மட்டும் எழுதினேன்.
கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்துக் கணினி
ஒன்பது என்றது.
மீதி நாற்பத்தொன்றையும்
அப்படியே விட்டேன்.